மில்லுல பழகின கை ஆஸ்திரேலியா பிராக்டிகல்ல எங்க தடுமாறும்?

தம்பி, நீங்க கேட்டது இது தானுங்க. ஐடிஐ எலக்ட்ரீசியன் ரெண்டு வருசம், வயர்மேன் லைசென்ஸ், பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல எட்டு வருசம் மெயின்டனன்ஸ், ஆஸ்திரேலியா ஸ்கில் அசெஸ்மென்ட்டுக்குப் போட்ட பேப்பரெல்லாம் ஓகே ஆயிருச்சு, இன்னும் மூணு மாசத்துல பிராக்டிகல், அதுல என்ன சர்க்யூட் குடுப்பாங்க, மாடல் கொஸ்டின் பிடிஎஃப் யார்கிட்டயாச்சும் இருக்குதான்னு. ஆனா கேள்விய ரெண்டாவது தடவ படிச்சா நீங்க கேக்கறது வேறன்னு தோணுது. தெனமும் செய்யற வேலைய ஒருத்தன் முன்னாடி செஞ்சு காட்டறதுக்கு எதுக்குத் தனியா தயாராகோணும், நம்மள விட நல்லா வேலை தெரிஞ்சவனெல்லாம் ஃபெயில் ஆயிட்டு வந்தான்னு சொல்றாங்களே, அது எப்படி? அந்தக் கேள்விக்குத் தான் பதில் எழுதறேன். பிடிஎஃப் விசயம் கடைசில ஒரு வரி சொல்றேன்.

நான் யாருன்னு சுருக்கமா. கோபி பக்கத்து ஆளு, ஐடிஐ முடிச்சு மில்லுல இருந்தவன், அப்பறம் ஈரோட்டுப் பக்கம் ஐடிஐல பசங்களுக்கு பிராக்டிகல் எடுத்தேன், அதுக்கப்பறம் இதே வழில மெல்போர்ன் வந்து இப்ப ஏ கிரேடு லைசென்ஸ்ல (முழு எலக்ட்ரீசியன் லைசென்ஸ்) வேலை செய்யறேன். ஊர்ல இருந்து வர்ற பசங்களுக்கு அப்பப்ப போன்ல சொல்லிக் குடுக்கறதும் உண்டு. அதனால கை வேலை, டெஸ்டிங், இன்டர்வியூல எப்படிப் பேசறது, இதையெல்லாம் தைரியமா சொல்லுவேன். விசா பாயிண்ட், எந்த ஸ்டேட்டுல ஸ்பான்சர் கிடைக்கும், இதெல்லாம் என் தொழில் இல்லைங்க, அதை என்கிட்ட கேக்காதீங்க.

மொதல்ல இந்த டெஸ்டு எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. பாஸ் ஆனா கைக்கு வர்றது ஓடிஎஸ்ஆர், ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்டு. அது லைசென்ஸ் கிடையாது. அதை வெச்சு அங்க போய் அந்தந்த ஸ்டேட்டுல தற்காலிக லைசென்ஸ் வாங்கி, லைசென்ஸ் இருக்கற ஒருத்தர் மேற்பார்வையில வேலை செஞ்சு, கேப் டிரெய்னிங் (அங்கத்த முறைக்கு நமக்குக் கொறையறதைக் கத்துக்கற பயிற்சி) முடிச்சு, அப்பறம் தான் முழு லைசென்ஸ். அப்ப அசெஸரு உங்களைப் பாத்து மனசுல கேக்கற கேள்வி, 'இவனுக்கு வயரிங் தெரியுமா'ங்கறது இல்ல. 'இவனை ஒரு வீட்டுக்குள்ள அனுப்பினா இவனும் சாகாம அந்த வீட்டுக்காரனும் சாகாம திரும்பி வருவானா, செஞ்ச வேலை சேஃப்னு டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுப்பானா'ங்கறது தான். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி தயாரிப்பு முடிஞ்சுதுங்க. நம்ம பசங்க ஃபெயில் ஆகறது சர்க்யூட் தெரியாம ரொம்பக் கம்மி, வரிசை தப்பிப் போய்த் தான் அதிகம்.

நம்ம மில்லு பழக்கம் என்ன? மெஷின் நின்னா சூப்பர்வைசர் தலைக்கு மேல நிப்பாரு, ஷிஃப்ட் புரொடக்சன் போயிரும், நாம லைவ்லயே கைய உள்ள விட்டு ஓவர்லோடு (மோட்டாருக்கு கரண்டு கூடினா நிறுத்தற ரிலே) ரீசெட் பண்ணி, வேணும்னா ஒரு வயர் துண்டு போட்டு ஜம்ப்பர் அடிச்சு ஓட்டி விட்டுட்டு டீ குடிக்கப் போவோம். ஊர்ல அவன் தான் கெட்டிக்காரன். அசெஸ்மென்ட் ரூம்ல அதே வேலையச் செஞ்சா அத்தோட முடிஞ்சுது, அதுக்கப்பறம் நீங்க ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் சர்க்யூட்டை கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. பாதுகாப்புல தப்பு பண்ணினா மத்த மார்க்கு அதை ஈடு கட்டாதுங்க.

அதனால மூணு மாசத்துல மொத மாசம் முழுக்க ஐசொலேசன், அதாவது சப்ளைய அணைச்சுப் பூட்டி கரண்ட் இல்லைன்னு உறுதி பண்றது மட்டும் பழகுங்கன்னு தான் சொல்லுவேன். சிரிக்காதீங்க. எதை அணைக்கப் போறோம்னு அடையாளம் பாக்கோணும், பாதிக்கப்படறவங்ககிட்ட சொல்லோணும், அணைக்கோணும், பூட்டு போட்டு சாவிய உங்க பாக்கெட்டுல வெச்சுக்கோணும், உங்க பேரு தேதி எழுதின டேக் மாட்டோணும். அப்பறம் டெஸ்டரை எடுத்து, கரண்ட் இருக்கறது உறுதியா தெரிஞ்ச ஒரு இடத்துல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாக்கோணும், பொறகு வேலை செய்யப் போற இடத்துல கரண்ட் இல்லைன்னு பாக்கோணும், திரும்பவும் போய் அதே லைவ் இடத்துல வெச்சு டெஸ்டர் இன்னும் உயிரோட தான் இருக்குதான்னு பாக்கோணும். நடுவுல டெஸ்டர் பேட்டரி செத்திருந்தா 'கரண்ட் இல்லை'ன்னு அது சொன்னது பொய், அதுக்குத் தான் இந்த மூணாவது தடவை. த்ரீ பேஸா இருந்தா பேஸுக்கும் பேஸுக்கும் மூணு ரீடிங், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூணு, பேஸுக்கும் எர்த்துக்கும் மூணு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு, மொத்தம் பத்து ரீடிங். ஒண்ணைக் கூட விடக்கூடாது, ஒவ்வொண்ணையும் வாயால சொல்லிக்கிட்டே எடுங்க, அசெஸர் மனசுக்குள்ள நீங்க நெனைக்கறது அவருக்குத் தெரியாதுங்க.

இதுல டெஸ்டர்னு நான் சொல்றது ரெண்டு புரோப் இருக்கற வோல்டேஜ் இண்டிகேட்டர், இல்லைன்னா கேட் 3 ரேட்டிங் (மீட்டரோட பாதுகாப்பு வகை) போட்ட நல்ல மீட்டர். நம்மாளுங்க சட்டைப் பையில சொருகி வெச்சிருப்பாங்களே நியான் லைட்டு எரியற ஸ்க்ரூ டிரைவர், அது இல்ல. அதை ஊர்லயே விட்டுட்டுப் போங்க. பழக்க தோசத்துல அது கைக்கு வந்துருச்சுன்னா உங்க விரல் வழியா தான் கரண்டு பாஸ் ஆகி அது எரியுதுங்கறது அவருக்கு நல்லாவே தெரியும்.

அடுத்தது வயரிங். ரூல் புக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 3000, 2018 எடிசன், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொது. வோல்டேஜும் ஃபிரீக்வென்சியும் நம்மூரு மாதிரியே 230/400, 50 ஹெர்ட்ஸ், அதுல குழப்பம் இல்ல. கலர்ல இருக்குது. நமக்கு ஆர் ஒய் பி, செவப்பு மஞ்சள் நீலம், நியூட்ரல் கருப்பு, எர்த்து பச்சை. அவங்களுக்கும் நியூட்ரல் கருப்பு தான், எர்த்து பச்சையும் மஞ்சளும் சேந்தது. ஆனா மஞ்சள் வயரை பேஸுக்கு எடுக்கவே கூடாதுங்க, பச்சை, மஞ்சள், பச்சை-மஞ்சள், கருப்பு, லைட் ப்ளூ இது அஞ்சும் பேஸுக்குத் தடை. பழக்கமா செவப்பு, வெள்ளை, அடர் நீலம்னு போடுவாங்க. லைட் ப்ளூன்னா நியூட்ரல், ஃப்ளெக்ஸ் வயர்ல அது பிரவுன் பேஸோட ஜோடியா வரும். எட்டு வருசம் மஞ்சளைப் பாத்தா ஒய் பேஸ்னு பழகின கண்ணுக்கு இது லேசுப்பட்ட விசயம் இல்ல, அவசரத்துல கை தானா போகும். பயிற்சிக்கு வயர் வாங்கும்போதே மஞ்சள் சுருளை வாங்காம விட்டுருங்க.

சாக்கெட்ல ஒரு நல்ல செய்தி. நம்மூரு சாக்கெட்ல எர்த்து மேல, எதுக்க நின்னு பாத்தா பேஸ் வலது பக்கம். அங்க எர்த்து கீழ, பேஸ் இடது பக்கம். ரெண்டும் வேற வேறன்னு பசங்க பயந்துக்கறாங்க. ஆனா எர்த்துல இருந்து கடிகாரம் சுத்தற பக்கமா போனா ரெண்டு ஊருலயும் எர்த்து, பேஸ், நியூட்ரல் இதே வரிசை தான், நம்ம சாக்கெட்டைத் தலைகீழா திருப்பினா அவங்க வரிசை வந்துரும். இப்படி ஞாபகம் வெச்சுக்கிட்டா மறக்காது.

வீட்டு வயரிங் முறையே வேற. நாம செவத்தைக் காடி எடுத்து பிவிசி பைப்பு பதிச்சு ஒத்தை ஒத்தையா வயர் இழுப்போம். அங்க மர ஃப்ரேம் வீடுங்க, டிபிஎஸ்னு சொல்ற தட்டையான கேபிள், வெள்ளை உறைக்குள்ள பேஸு நியூட்ரலு எர்த்து மூணும் ஒண்ணா இருக்கும், அதை கிளிப் அடிச்சு ஓட்டுவாங்க. அந்த வெளி உறைய உரிக்கும்போது உள்ள இருக்கற இன்சுலேசன்ல கத்தி படக்கூடாது. கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா அசெஸர் கவர் கழட்டி முதல்ல பாக்கறது இதைத் தான். இன்சுலேசன்ல சின்ன கீறல், டெர்மினலுக்கு வெளிய ரெண்டு மில்லி செம்பு தெரியறது, மல்டி ஸ்ட்ராண்டுல ரெண்டு இழை வெளிய துருத்திக்கிட்டு நிக்கறது, இழுத்துப் பாத்தா வர்ற கம்பி, உறை பெட்டிக்கு வெளியவே முடிஞ்சு போறது. கட்டிங் பிளேயர வெச்சு பல்லால கடிச்ச மாதிரி உரிக்கறத நிறுத்திட்டு ஒரு நல்ல ஸ்ட்ரிப்பர் வாங்குங்க, மல்டி ஸ்ட்ராண்டுக்கு ஃபெரூல் (இழைங்க பிரியாம முனைல மாட்டற சின்னக் குழாய்) போட்டு கிரிம்ப் பண்ணப் பழகுங்க. இன்சுலேசன் டேப்பு சுத்தின ஜாயிண்ட்டை மறந்தே போயிருங்க.

இப்ப நம்மாளுங்களுக்கு உண்மையிலேயே புதுசா இருக்கற விசயத்துக்கு வர்றேன், எம்இஎன், மல்டிபிள் எர்த்டு நியூட்ரல். நம்மூர்ல வீட்டுக்கு ஒரு எர்த்து குழி, கரி உப்பு போட்டு தண்ணி ஊத்தி, நியூட்ரல் ஈபி கம்பத்துல இருந்து தனியா வரும், நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுக்குள்ள சேத்தா அது தப்பு. ஆஸ்திரேலியாவுல மெயின் ஸ்விட்ச்போர்டுலயே நியூட்ரல் பாரையும் எர்த்து பாரையும் ஒரு லிங்க் போட்டு சேப்பாங்க, அது இல்லைன்னா தான் தப்பு. ஏன்னா ஒரு மெட்டல் பாடியில பேஸ் பட்டுச்சுன்னா அந்த ஃபால்ட் கரண்டு எர்த்து வயர் வழியா வந்து, லிங்க் வழியா நியூட்ரலுக்குப் போய், செம்புலயே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும், ரெசிஸ்டன்ஸ் கம்மி, நூத்துக்கணக்குல ஆம்ப் பாயும், எம்சிபி (சர்க்யூட் பிரேக்கர்) டப்புனு விழும். நம்ம குழிய நம்பினா மண்ணு வழியா போகோணும், கோடைல காஞ்சு கெடக்கற காங்கேயத்து மண்ணுல எத்தன ஆம்ப் போகும்னு நெனைக்கறீங்க? எம்சிபி விழாது, ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா அணைக்கற பிரேக்கர், அங்க ஆர்சிடின்னு சொல்லுவாங்க) இருந்தா தான் காப்பாத்தும். லிங்க் மெயின் போர்டுல மட்டும், ஒரே எடத்துல தான். சப் போர்டுலயும் இன்னொண்ணு போட்டா எர்த்து வயர்ல எப்பவுமே லோடு கரண்டு ஓடும், ஆர்சிடிக்கு அப்பறமா சேந்துச்சுன்னா ஆர்சிடி நிக்காம விழுந்துக்கிட்டே இருக்கும். இன்டர்வியூல இதைக் கேட்டா கை ஆட்டிச் சொல்லாம, பேப்பர் வாங்கி டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வீடு வரைக்கும் படம் வரைஞ்சு ஃபால்ட் கரண்டு போற பாதைய அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினாலும் படம் பேசிரும்.

டெஸ்டிங் தான் பெரிய பகுதி, மில்லுக்காரங்க வீக்கா இருக்கறதும் இங்க தான். நமக்கு டெஸ்டிங்குன்னா மோட்டாருக்கு மெக்கர் (இன்சுலேசன் அளக்கற மீட்டர்) சுத்திப் பாக்கறது, மத்தபடி ஸ்விட்ச் போட்டு லைட் எரிஞ்சா டெஸ்ட் முடிஞ்சுது. அங்க வரிசை இருக்குது. மொதல்ல கண்ணால பாக்கறது. அப்பறம் சப்ளை இல்லாம செய்யற டெஸ்ட்டு எல்லாம்: எர்த்து கன்டினியூட்டி, இன்சுலேசன் ரெசிஸ்டன்ஸ், போலாரிட்டி (பேஸும் நியூட்ரலும் எடம் மாறாம இருக்குதான்னு), சர்க்யூட் கனெக்சன் சரியா இருக்குதான்னு. அதெல்லாம் பாஸ் ஆனா தான் சப்ளை குடுத்து ஃபால்ட் லூப்பு (ஃபால்ட் கரண்டு சுத்தி வர்ற பாதையோட ரெசிஸ்டன்ஸ்), ஆர்சிடி. காரணம் சாதாரணமானது தான், எர்த்து தொடர்ச்சியா இருக்குதான்னு தெரியாம சப்ளை குடுத்தா, ஃபால்ட்டு இருந்துச்சுன்னா பாடி எல்லாம் லைவ் ஆயிரும். வரிசைய மனப்பாடம் பண்ணாம இந்தக் காரணத்தைப் புடிச்சுக்கிட்டா நடுவுல மறந்தாலும் யோசிச்சு வந்துரலாம்.

நம்பருங்க. மெயின் எர்த்து வயர் 0.5 ஓமுக்கு மேல போகக்கூடாது. மீட்டர் லீடே அரை ஓம் காட்டும், அதனால ரெண்டு புரோப்பையும் முட்ட வெச்சு நல் பண்ணிட்டுத் தான் (லீடோட ரெசிஸ்டன்ஸைக் கழிச்சு சைபர் ஆக்கிட்டு) ஆரம்பிக்கோணும், இதைப் பண்ணாம ரீடிங் எடுத்தா அங்கயே தெரிஞ்சுரும் நீங்க இந்த மீட்டரை இதுக்கு முன்னாடி தொட்டது இல்லைன்னு. இன்சுலேசன் 500 வோல்ட் டிசில குறைஞ்சது 1 மெக் ஓம். ஆனா புது வயரிங்குல மீட்டர் அளக்கற எல்லைக்கு மேலயே காட்டும், 1.2 வந்துச்சுன்னா பாஸ்னு எழுதிட்டுப் போகாதீங்க, எதனால இவ்ளோ கம்மின்னு தேடுங்க, அசெஸர் அதைத் தான் எதிர்பாப்பாரு. மெக்கர் போடறதுக்கு முன்னாடி ஸ்விட்ச்செல்லாம் ஆன்ல இருக்கோணும், இல்லைன்னா ஸ்விட்ச்சுக்கு அந்தப்பக்கம் டெஸ்டே ஆகாது. பல்பு, எல்இடி டிரைவர், டிம்மர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாம் கழட்டியிருக்கோணும், 500 வோல்ட்ல எலக்ட்ரானிக்ஸ் செத்துரும், இல்ல ரீடிங் பொய் சொல்லும். அப்பறம் அந்த எம்இஎன் லிங்க். அதைக் கழட்டாம நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மெக்கர் போட்டா சைபர் காட்டும், அதைப் பாத்துட்டு கேபிள் ஃபால்ட்டுன்னு பிரிச்சு மேயறவங்க இருக்காங்க. கழட்டுங்க, டெஸ்ட் பண்ணுங்க, திரும்ப மாட்டுங்க, மாட்டினதை எழுதி வையுங்க. மாட்ட மறந்துட்டு சப்ளை குடுத்தா அது கழட்டாம விட்டதை விட மோசம். டெஸ்டு முடிஞ்சதும் கேபிளை டிஸ்சார்ஜ் பண்றதையும் வாயால சொல்லுங்க.

ஆர்சிடி 30 மில்லி ஆம்ப். பாதி கரண்டு 15-ல விழக்கூடாது, 30-ல 300 மில்லி செகண்டுக்குள்ள விழோணும், அஞ்சு மடங்கு 150-ல 40 மில்லி செகண்டுக்குள்ள. மேல இருக்கற டி பட்டனை அமுக்கறது மெக்கானிசம் வேலை செய்யுதான்னு மட்டும் தான் சொல்லும், டைம் சொல்லாது. நம்மூர்ல ஆர்சிசிபி அடிக்கடி விழுதுன்னு நியூட்ரலை பைபாஸ் பண்ணி விடற வேலையெல்லாம் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சதா காட்டிக்காதீங்க.

ஃபால்ட் லூப்புல கொஞ்சம் கணக்கு வரும், பயப்படற அளவு இல்ல. எம்சிபி உடனே விழறதுக்கு வேண்டிய கரண்டு கிடைக்கற அளவுக்கு லூப்பு ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்குதான்னு தான் கேள்வி. சி கர்வ் 20 ஆம்ப் எம்சிபின்னு வெச்சுக்குங்க, கர்வுங்கறது எத்தன மடங்கு கரண்டுல அது உடனே விழும்ங்கற வகை. அந்த ரூல் புக்குல சி கர்வுக்கு 7.5 மடங்கு எடுப்பாங்க, 20 ஐ 7.5 ஆல பெருக்கினா 150 ஆம்ப், 230 ஐ 150 ஆல வகுத்தா 1.53 ஓம். ரீடிங் இதுக்குக் கீழ இருக்கோணும். நாம படிச்ச புக்குல சி கர்வ்னா 5-ல இருந்து 10 மடங்குன்னு இருக்கும், அவங்க நடு மதிப்பை எடுத்திருக்காங்க, பி கர்வுக்கு 4, டிக்கு 12.5. இது பசங்க வழக்கமா குழம்பற இடம், யூட்யூப்ல இங்கிலாந்துக்காரர் வீடியோ பாத்துட்டு வந்து 10 மடங்குல கணக்கு போட்டு 1.15-ன்னு சொல்லுவாங்க. நேரம் எவ்ளோன்னு கேட்டா, சாக்கெட் இருக்கற சர்க்யூட்டுக்கு 0.4 செகண்டு, நகராம ஒரே எடத்துல இருக்கற சாமானத்துக்கு 5 செகண்டு வரைக்கும்.

மோட்டார் கன்ட்ரோல் பத்தி கம்மியா தான் சொல்லப் போறேன், ஏன்னா கொங்கு நாட்டு எலக்ட்ரீசியனுக்கு அது சோறு போடற வேலை. கெணத்து மோட்டார் டிஓஎல் (நேரா சப்ளை குடுக்கற ஸ்டார்ட்டர்), மில்லு ஸ்டார் டெல்டா, சைசிங்குல ஃபார்வேர்டு ரிவர்ஸ், எல்லாம் பாத்த கை. காண்டாக்டர் நம்பரும் உலகம் பூரா ஒண்ணு தான், காயில் ஏ1 ஏ2, ஹோல்டிங் 13-14, ஓவர்லோடு என்சி (சாதாரணமா மூடியிருக்கற காண்டாக்ட்) 95-96, டிரிப் அலாரம் 97-98, பெருந்துறைலயும் பெர்த்லயும் அதே. கவனிக்க வேண்டியது சிலது தான். ஒண்ணு, காயில் வோல்டேஜ். நம்ம தோட்டத்து ஸ்டார்ட்டர்ல ரெண்டு பேஸுக்கு நடுவுல 415 வோல்ட் காயில் பழகிருச்சு, குடுக்கற போர்டுல 230-ஓ 24-ஓ இருக்கலாம், காயில் மேல எழுதினதைப் படிக்காம வயரைச் சொருகக் கூடாது. ரெண்டு, ஓவர்லோடு செட்டிங். மோட்டார் பிளேட்டுல இருக்கற கரண்டு தான், 'டிரிப் ஆகுது, ஒரு பாயிண்ட் ஏத்தி விடு' கதையெல்லாம் இல்ல. ஸ்டார் டெல்டாவுல ஓவர்லோடு வைண்டிங் பக்கம் இருந்தா 0.58-ஆல பெருக்கோணும், பிளேட்டுல 14.5 ஆம்ப் இருந்தா 8.4. லைன்ல இருந்தா முழு கரண்டு. எங்க வெச்சீங்க, ஏன் அந்த நம்பர்னு கேப்பாங்க. மூணு, ஃபார்வேர்டு ரிவர்ஸுக்கு எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் (ரெண்டு காண்டாக்டரும் ஒரே நேரத்துல இழுக்காம தடுக்கறது) கண்டிப்பா போடுங்க, மெக்கானிக்கல் இருந்தாலும் போடுங்க.

ஃபால்ட் கண்டுபிடிக்கறதுலயும் நம்ம வேகம் தான் நமக்கு எதிரி. பாத்த உடனே 'இது ஓவர்லோடு தானுங்க'ன்னு சொல்லி அது சரியாவே இருந்தாலும் மார்க்கு கம்மி தான். ஸ்டார்ட் அமுக்கினேன், காண்டாக்டர் இழுக்கல. ஸ்டாப் பட்டனுக்கு அந்தப்பக்கம் 230 இருக்குது, இந்தப்பக்கமும் இருக்குது, 95-96க்கு குறுக்க ரெண்டு புரோப்பையும் வெச்சா, ஸ்டார்ட் அமுக்கிப் புடிச்சிருக்கும்போது 230 காட்டுது. மூடியிருக்க வேண்டிய காண்டாக்டுக்கு குறுக்க முழு வோல்டேஜ் வந்தா அது திறந்து கெடக்குதுன்னு அர்த்தம். அப்பறம் சப்ளைய ஐசொலேட் பண்ணி, டெட்னு நிரூபிச்சு, ஓம்ல வெச்சு உறுதி பண்ணுங்க. என்ன நடந்துச்சு, என்னன்னு சந்தேகப்பட்டேன், எங்க அளந்தேன், என்ன வந்துச்சு, என்ன சரி பண்ணினேன், திரும்ப டெஸ்ட் பண்ணினேனா, இத்தனையும் ஷீட்டுல எழுதோணும். ஜம்ப்பர் வயரைக் கையில கூட எடுக்காதீங்க.

டெக்னிக்கல் இன்டர்வியூக்கு இலக்கண சுத்தமான இங்கிலீஷ் வேண்டியதில்ல, வேலை இங்கிலீஷ் வேணும். தெனமும் ராத்திரி அன்னிக்கு மில்லுல செஞ்ச ஒரு வேலைய எடுத்து, மொதல்ல என்ன பண்ணினேன், அப்பறம் என்னன்னு போன்ல ரெக்கார்டு பண்ணி நீங்களே கேளுங்க. அவங்க பேஸை ஆக்டிவ்னு சொல்லுவாங்க, அது காதுல பழகிக்கட்டும். 'உங்க முதலாளி லைவ்ல வேலை செய்யச் சொன்னா என்ன பண்ணுவீங்க', 'கூட வேலை செய்யறவருக்கு ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா மொதல்ல என்ன பண்ணுவீங்க' இந்த மாதிரி கேள்விக்கு பதில் தயாரா வெச்சிருங்க. மொதல்ல சப்ளைய அணைக்கறது, ஆளைத் தொடறது இல்ல. நம்ம சாமர்த்தியத்தையும் அங்க எடுத்து விடக்கூடாது. மூணு பேஸ்ல ஒண்ணு போயிருச்சுன்னா கண்டன்சர் போட்டு ரெண்டு பேஸ்ல மோட்டார் ஓட்டுவோம்ங்கறதை ஒரு பையன் பெருமையா சொல்லப் போறேன்னான், நான் தான் கும்பிட்டு நிறுத்தினேன்.

பயிற்சிக்கு பெரிய செலவு இல்லைங்க. ஒரு பிளைவுட் பலகை, பழைய காண்டாக்டர் மூணு, ஓவர்லோடு ஒண்ணு, டைமர், புஷ் பட்டன், சி கர்வ் எம்சிபி சிலது, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, ரெண்டு சாக்கெட், நாலு ஸ்விட்ச், ஒரு எர்த்து பார் ஒரு நியூட்ரல் பார், பூட்டும் டேக்கும். கோயமுத்தூர்ல செகண்ட் ஹேண்டு சாமான் தேடினா கிடைக்கும், உங்க மில்லு ஸ்க்ராப்ல கேட்டாலும் குடுப்பாங்க. காசு போடறதா இருந்தா மல்டிஃபங்ஷன் டெஸ்டருக்குப் போடுங்க, வாங்க முடியாது, வெல அதிகம்னா எலக்ட்ரிக்கல் ஆடிட் பண்ற கான்ட்ராக்டர்கிட்ட ஞாயித்துக்கிழமை சும்மா கூடப் போய் வேலை செஞ்சு குடுத்துட்டு மீட்டரைக் கையில வாங்கிப் பழகுங்க. கை மெக்கர் சுத்தினவனுக்கு அந்த மெனு பழகறதுக்கே நாளாகும், அதை அசெஸ்மென்ட் அன்னிக்கு மொத தடவையா பாத்தா கை நடுங்கும். போர்டுல 90 சதவீத பயிற்சிய சப்ளை இல்லாமயே செய்யலாம். லைவ் டெஸ்டு பழகும்போது ஆர்சிசிபி வழியா மட்டும் சப்ளை எடுங்க, தனியா செய்யாதீங்க, வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருக்கோணும். அப்பறம், மில்லுக்காரருக்கு வீட்டு வயரிங் கை பழக்கம் கம்மியா இருக்கும், ஊருக்குள்ள வீடு கட்டற எடத்துல வயரிங் கான்ட்ராக்டர் யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா நாலு ஞாயிறு போய்ட்டு வாங்க.

இது வரைக்கும் சொன்னது உறுதியான விசயம், ரூல் புக்குலயும் தொழில்லயும் இருக்கறது. இதுக்கு மேல சொல்றது மாறக்கூடியது. அன்னிக்கு எந்த டாஸ்க் வரும், எத்தன மணி நேரம், எந்த மீட்டர் குடுப்பாங்க, கட்டணம் எவ்ளோ, இதெல்லாம் டிஆர்ஏ (டிரேட்ஸ் ரெகக்னிசன் ஆஸ்திரேலியா) அங்கீகாரம் குடுத்த நிறுவனம் தான் நடத்துது, வெட்டஸெஸ் மாதிரி, அவங்க உங்களுக்கு அனுப்பற கையேட்டை மட்டும் நம்புங்க. போன வருசம் போன அண்ணன் சொன்னதுங்கறது உங்களுக்குப் பொருந்தோணும்னு இல்ல. அதே மாதிரி வாட்ஸப் குரூப்புல காசுக்கு விக்கற மாடல் கொஸ்டினை வாங்காதீங்க, பதிலை மனப்பாடம் பண்ணின பையனை அசெஸர் ரெண்டு கேள்வில புடிச்சுருவாரு, நடுவுல 'ஏன்'னு ஒரு கேள்வி போட்டாப் போதும். ஏஜெண்ட் மூலமா போறீங்கன்னா ஏழு இலக்க எம்ஏஆர்என் நம்பர் (மைக்ரேசன் ஏஜெண்ட் பதிவு நம்பர்) கேட்டு வாங்கி, ஆஸ்திரேலியா அரசு வெப்சைட்டுல அந்தப் பேரைத் தேடிப் பாருங்க.

கீழ இன்னொருத்தர் கனடா, இங்கிலாந்து, சவுதிக்கும் இது பொருந்துமான்னு கேட்டிருந்தாரு. ஐசொலேசனும் டெஸ்ட் வரிசையும் எங்கயும் பொருந்தும், கலரும் நம்பரும் பொருந்தாது. கனடாவுல கருப்பு தான் லைவ், வெள்ளை நியூட்ரல், நம்ம பழக்கத்துல கருப்பைத் தொட்டா ஆளே போயிரும். இங்கிலாந்துல நீலம் நியூட்ரல், நமக்கு நீலம் பி பேஸ், கருப்பு அங்க ரெண்டாவது பேஸ், ரூல் புக்கு பிஎஸ் 7671, அனுபவசாலிகளுக்கு ஏஎம்2இ-ன்னு ஒரு பிராக்டிகல் உண்டு. கனடாவுல ரெட் சீல்ங்கற தொழில் தகுதிக்கு எழுத்துத் தேர்வு. சவுதிக்கு இந்தியாவுலயே ஸ்கில் வெரிஃபிகேசன் டெஸ்டு இருக்குது, எழுத்தும் பிராக்டிகலும் சேத்து, இத்தனை ஆழம் போகாது.

அன்னிக்கு போகும்போது முழுக்கை காட்டன் சட்டை, சேஃப்டி ஷூ, கண்ணாடி. மோதிரம், வாட்ச், கையில கட்டின சாமி கயிறு, வெள்ளிக் காப்பு எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டுப் போங்க, அங்க போய் கழட்டச் சொன்னா அதுவே ஒரு பதட்டம். டாஸ்க் ஷீட்டைக் குடுத்ததும் டூல்ஸை எடுக்காதீங்க, மொதல்ல உக்காந்து முழுசா படிச்சு ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபார்மை நிரப்புங்க, பக்கத்து டேபிள்காரன் அதுக்குள்ள வயர் இழுக்க ஆரம்பிச்சிருப்பான், இழுக்கட்டும். உங்க கையில எந்த மீட்டர் கிடைக்குதோ அதோட மாடல் பேரை இங்க போடுங்க தம்பி, நல் எப்படிப் பண்றது, லூப்பு டெஸ்ட்ல ஆர்சிடி விழாம இருக்க எந்த மோடு வைக்கறதுன்னு அந்த மாடலுக்கே சொல்றேன்.